மலை மேலே என்ன நிலவரம்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கம்பத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு போன் வரத் தொடங்கிவிடும். மதுரையிலிருந்து மதினி, திருப்பூரிலிருந்து சித்தப்பா மகன், சென்னையிலிருந்து கல்யாண வீட்டில் ஒருமுறை பார்த்த ஒன்றுவிட்ட அண்ணன். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. சுருளி, தேக்கடி, மேகமலை மூணையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்ல?" முடிக்கலாம், கார் கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் பார்ப்பதென்றால்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நம் விடுமுறை நாளை முடிவு செய்வது கீழே இருக்கிற நாம் இல்லை. குளிக்கிற தண்ணீர் மலையில் எங்கோ பெய்தது. சாலையைத் திறப்பதும் அடைப்பதும் வனத்துறை. பாதி இடங்களுக்குக் கேரள எல்லையைத் தாண்ட வேண்டும். இதை யோசிக்காமல் போடுகிற திட்டங்களில் சில நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் சில ஏமாற்றத்தோடு போகும், சில உயிருக்கே உலை வைக்கும்.

"மே மாசம்தானே அருவி சீசன்?"

பள்ளிக்கூட லீவுக்கும் சுருளியின் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கம்பத்திலிருந்து 10 கி.மீ. தூரத்தில் இருக்கும் சுருளி அருவியை 'வற்றாத அருவி' என்று விளம்பரங்கள் சொல்லும். ஆனால் மலை மேலே தூவானம் ஏரி, ஈத்தக்காடு, அரிசிப்பாறைப் பக்கம் மழை விழுந்தால்தான் இங்கே தண்ணீர். கோடை முற்றிய ஆண்டுகளில் பாறையை ஒட்டி நூலாக வழியும், சில சமயம் அதுவும் இருக்காது. குற்றாலத்தைப் போல நினைத்துக்கொண்டு துண்டும் சோப்பும் எண்ணெயுமாக வந்திறங்கிய குடும்பங்கள், பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது இங்கே வாடிக்கை.

தென்மேற்குச் சாரல் தொடங்கிய பிறகு தண்ணீர் வரும், ஐப்பசி கார்த்திகையில் நிறையும். ஆகவே சுருளிக்குக் காலாண்டு லீவும் அரையாண்டு லீவும்தான் பொருத்தம். சுற்றுலாத் துறையே சாரல் விழாவை செப்டம்பரை ஒட்டித்தான் வைக்கிறது. மே மாதத்தில் வந்தே தீர வேண்டும் என்றால் கோடை மழை பெய்த மறுநாளையோ அதற்கடுத்த நாளையோ பார்த்து வரலாம். ஆடி, தை அமாவாசைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குச் சுருளி, முன்னோருக்குத் திதி கொடுக்க வருகிறவர்களின் இடம். குளித்துக் கும்மாளம் போட வந்த பிள்ளைகளுக்கும் சங்கடம், எள்ளும் பிண்டமுமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சங்கடம்.

"இங்க வெயில் கொளுத்துது, தண்ணி எப்படிக் கூடும்?"

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கும்பக்கரையை எடுத்துக்கொள்வோம். அருவிக்கு நேர் மேலே கொடைக்கானல் மலை, வட்டக்கானல் பகுதி. கோடையில் மலை மேல் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். கீழே அருவிக்கரையில் அப்போது சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். டிபன் கேரியரைத் திறந்து புளியோதரை பரிமாறிக்கொண்டிருப்பார்கள். மேலே பெய்த மழை பாம்பாறு வழியாக இறங்கிவர, கீழே மேகம் கறுக்க வேண்டிய அவசியமில்லை. வனத்துறை ஊழியர் விசில் அடிப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற அறிகுறிகள் உண்டு. தெளிந்த தண்ணீர் செம்மண் கலந்து கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவிச் சத்தம் கனக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும். செருப்பு, துண்டு, செல்போன் எதற்காகவும் திரும்பி இறங்கக்கூடாது.

அங்கே பாறைக்குழிகளுக்கு யானை கெஜம், பாம்பு கெஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல்லாயிரம் ஆண்டு தண்ணீர் சுழன்று குடைந்த குழிகள் அவை. ஓரம் வழுவழுவென்றிருக்கும், பிடிமானம் இருக்காது, ஆழம் மேலிருந்து பார்த்தால் பிடிபடாது. 'குளிக்கத் தடை' என்று அறிவித்த நாளில் வாசலில் நின்று ஊழியரிடம் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்திருக்கோம் சார்" என்பார்கள். பெட்ரோல் கணக்கு மலைக்குத் தெரியாது.

ஆற்றிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. நாம் முல்லையாறு என்று சொல்கிற ஆற்றில் ஓடுவது மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர். மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. 4 யூனிட்டும் ஓடினால் 168 மெகாவாட். எத்தனை யூனிட் ஓடுகிறது, எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆறு கூடும், குறையும். நேற்று முழங்காலளவு இருந்த படித்துறையில் இன்று இடுப்பளவு இருந்தால் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இது பழக்கம். கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ படித்துறையில் துணி துவைக்கிற பெண்களைக் கேட்டால் அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை: "முழுகினா கத்துவான்ல, ஓடிப்போய்த் தூக்கிக்கலாம்." சினிமாவில்தான் கத்துவார்கள். மூச்சு எடுக்கவே வாய் தண்ணீருக்கு மேல் வராதபோது கத்த எங்கே முடியும்? குழந்தை சத்தமில்லாமல், பல சமயம் நின்றவாக்கிலேயே முழுகும். பத்துப் பேர் கரையில் இருந்தால் பத்துப் பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். ஆகவே ஒரு ஆளை நியமியுங்கள். அவருக்குச் சாப்பாடு பிறகு, போட்டோவும் பிறகு. அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

"யானை ராத்திரிதான் வரும், அதுவும் காட்டுக்குள்ளதான்"

2023 மே 27, சனிக்கிழமை. பள்ளிகள் இன்னும் திறக்கவில்லை. அன்று காலை அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத யானை. ஆட்டோவைப் புரட்டியது. அதன் முன் அகப்பட்டுக் காயமடைந்தவர் பின்னர் இறந்துபோனார். ஊரில் 144 தடை உத்தரவு. சுருளி அருவிக்குப் போகத் தடை. சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கமெல்லாம் சுற்றிய யானையை ஜூன் 5ஆம் தேதி அதிகாலையில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் லீவுக்கு வந்த பிள்ளைகள் வீட்டுக்குள் டிவியில் சொந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது அபூர்வமான சம்பவம்தான். ஆனால் சுருளி இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில். 2021இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். யானைக்கூட்டம் அருவிப் பாதைக்கு வந்தால் பட்டப்பகலிலும் நுழைவாயிலை அடைத்துவிடுவார்கள். அதை யாரோ வேண்டுமென்றே செய்கிற தொல்லையாக நினைக்க வேண்டாம். மேகமலைக்கும் அப்படியே. "ராவோடு ராவா ஏறி சூரிய உதயம் பார்க்கலாம்" என்று திட்டம் போட்டுச் சின்னமனூர் வழியாக வருகிறவர்களுக்குத் தென்பழனி செக்போஸ்ட் இரவில் திறக்காது. காலை 6 மணிக்கு மேல் ஏறி மாலை 6 மணிக்குள் இறங்க வேண்டும்.

அரிக்கொம்பன் விவகாரத்திலேயே ஒரு யூடியூபர் ட்ரோன் பறக்கவிட்டு யானையை மிரளவைத்து வழக்கு வாங்கினார். குரங்குக்கு பிஸ்கட் போடுவதைப் புண்ணியமாக நினைக்கிறவர்கள் அதைவிட அதிகம். இன்று நீங்கள் கையில் கொடுத்துப் பழக்கினால் நாளை வேறொரு பிள்ளையின் கையிலிருந்து அது பிடுங்கும். கடித்துவிட்டால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் மருந்தாகாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

"தேக்கடி போனா பெரியாறு அணையைப் பார்த்திடலாம்"

பார்க்க முடியாது. அணை பொதுமக்களுக்குத் திறந்த இடமில்லை, சுற்றுலாப் படகும் அதுவரை போவதில்லை. படகில் போனால் பார்க்கக் கிடைப்பது அந்த அணை உண்டாக்கிய ஏரி. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டத் தெரிந்திருந்தால் அதுவே போதுமானது. தண்ணீருக்கு நடுவில் கறுத்துப்போய் நிற்கும் மரக்கட்டைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது முழுகிச் செத்த காட்டு மரங்கள் அவை. 1895 அக்டோபர் 10 அன்று அணையைத் திறந்துவைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்டைகள் மக்காமல் நிற்கின்றன. உச்சியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்.

அணைக்குப் பதிலாகப் போக வேண்டிய இடம் குமுளி மலைப்பாதைக்கு இந்தப் பக்கமே இருக்கிறது: லோயர் கேம்ப்பில், அந்த அணையை எழுப்பிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம். 2013 ஜனவரி 15இல் திறக்கப்பட்டது. ஜனவரி 15 அவருடைய பிறந்தநாள். பொங்கல் லீவில் வந்தால் அங்கே பொங்கல் வைக்கிற கூட்டத்தைப் பார்க்கலாம். பாலார்பட்டியில் ஊரே சேர்ந்து கொண்டாடுவார்கள்.

மணிமண்டபத்தில் நிற்கும்போது அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதை ஒன்று உண்டு: பணம் தீர்ந்துபோக, பென்னிகுவிக் இங்கிலாந்தில் சொத்தை விற்றுக் கொண்டுவந்து அணையைக் கட்டினார் என்று. நம்பிக்கையின் பேரில் சொல்லப்படுகிற கதை அது. அணை கட்டப்பட்டது மெட்ராஸ் மாகாண அரசின் பணத்தில். திருவிதாங்கூர் மகாராஜாவோடு 1886இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1887இல் வேலை தொடங்கி நடந்த அரசுத் திட்டம். கட்டுமானத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஏ.டி.மெக்கன்சி எழுதிய திட்ட வரலாறு 1899இல் அச்சாகியிருக்கிறது. அரசுப் பணத்தில் கட்டிய அணை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். வீட்டுப் பூஜையறையில் அவர் படத்தை வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. எனக்கென்னவோ சொத்துக் கதை இல்லாமலே அந்த மனிதர் பெரியவராகத்தான் தெரிகிறார். ஆள் போகமுடியாத காட்டில், வெள்ளம் வந்து வந்து வேலையை அடித்துக்கொண்டு போன பிறகும், சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளுமாக ஓர் அணையை எழுப்பியிருக்கிறார். காய்ச்சலிலும் காலராவிலும் அங்கே நூற்றுக்கணக்கான கூலியாட்கள் செத்தார்கள். அவர்களுக்கு மணிமண்டபம் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

படகைப் பற்றி ஒன்று. "எனக்கு நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் எதுக்கு, வேர்க்குது" என்று கழற்றுகிறவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார், பெரும்பாலும் மாமா. 2009 செப்டம்பர் 30, ஆயுதபூஜை முடிந்த கையோடு, தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்தது, படகின் கட்டுமானக் குறை, மேல்தளத்துக் கூட்டம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. இப்போது ஜாக்கெட் கட்டாயம். பிள்ளைகளின் ஜாக்கெட்டில் வாரைக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். தோளில் சும்மா மாட்டிய ஜாக்கெட் தண்ணீரில் தலைவழியே கழன்று போய்விடும். யானை தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். அது அவசரமாக எங்கும் போய்விடாது.

"கண்ணகி கோயில், கொழுக்குமலை, எப்ப வேணும்னாலும் போகலாம்"

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி: சித்ரா பௌர்ணமி. அது ஏப்ரலிலோ மே முதல் பாதியிலோ வருவதால் லீவுக்குச் சரியாகப் பொருந்தும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். கூட்டம், வெயில், நீண்ட வரிசை. கைக்குழந்தையோடு போகிற இடமில்லை. பத்து வயதுக்கு மேல் நடக்கத் தெம்புள்ள பிள்ளையாக இருந்தால் பளியன்குடி ஏற்றத்தை வாழ்நாளுக்கும் மறக்காது. பிளாஸ்டிக் பாட்டிலை வழியிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

கொழுக்குமலையை மூணாறு என்று நினைத்துக் கேரளக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது நம் போடிநாயக்கனூர் வட்டத்து மலை. ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்து சூரியநெல்லியிலிருந்து. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற மலையில்தான் 2018 மார்ச் 11இல் காட்டுத்தீயில் 23 பேர் மாண்டார்கள். "மலை ஏற யாரைக் கேட்கணும்?" என்பதற்கு அதன் பிறகு விதிமுறைகளே வந்துவிட்டன. வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 2024 அக்டோபரிலிருந்து அனுமதித்த பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். தீப்பருவத்தில் அதுவும் கிடையாது.

"திராட்சை மேல வெள்ளையா இருக்கே, மருந்து!"

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி வழியாக வருகிறவர்கள் தோட்டத்தோரக் கடையில் பன்னீர் திராட்சையைக் கையில் எடுத்ததும் சொல்வது இது. உடனே கீழே வைத்துவிட்டு, கழுவிப் பளபளப்பாக வைத்திருக்கிற பழத்தைத் தேடுவார்கள். அந்த வெள்ளைப் படலம் பழம் தானே பூசிக்கொள்கிற மெழுகு, தோலிலிருந்து ஈரம் போகாமல் காப்பது. ஒரு பழத்தை விரலால் துடைத்துப் பார்க்கப் பிள்ளையிடம் கொடுங்கள். சாம்பல் பூத்த தோல் துடைத்த இடத்தில் மட்டும் கறுத்து மின்னும். விரல் தடம் அப்படியே தெரியும். நிறையக் கை பட்ட பழத்தில் இந்தப் பூச்சு போய்விட்டிருக்கும், ஆகவே பூச்சோடு இருப்பதுதான் புதுப் பழம்.

மருந்தே அடிப்பதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிப்பார்கள். அதன் தடம் வேறு மாதிரி இருக்கும்: நீலம் கலந்த வெள்ளைத் திட்டு, சொட்டு வழிந்து காய்ந்த கோடு, பழத்தின் அடியிலும் காம்போரத்திலும் புள்ளிகள். எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் சாப்பிடுங்கள். பந்தலுக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அண்ணாந்து கொடியிலிருந்து பறித்து வாயில் போடுவது மட்டும் வேண்டாம். நேற்று மருந்து அடித்திருக்கலாம், கேட்காமல் பறிப்பது மரியாதையும் இல்லை.

"இப்ப சீசன் இல்லையே" என்பதும் தவறு. கவாத்து பண்ணி ஏறக்குறைய 4 மாதத்தில் பழம் வரும். ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு நேரத்தில் கவாத்து பண்ணுவதால், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் குலை தொங்கும். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

"கார் இல்லாம இந்தப் பக்கம் வரமுடியாது"

2010 முடிவில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்திய மதுரை–போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 முதல் போடி வரைக்கும் திரும்ப ஓடுகிறது. ரயில் நின்ற வருஷம் பிறந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் அது போடிக்கு வந்தது. மதுரையில் காலையில் ஏறி மாலையில் திரும்புவதற்குத் தோதான ரயில் அது. கம்பத்துக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, அது வேறு வருத்தம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும், பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் கொடுங்கள். தேனியில் இறங்கினால் வைகை அணைக்கும் கம்பத்துக்கும் பஸ் இருக்கிறது. காமராஜர் 1959இல் திறந்துவைத்த அணை, 71 அடி தண்ணீர் பிடிக்கும். பூங்காவில் மரநிழலில் தயிர்சாதத்தைப் பிரித்துவைத்தால் மதியம் போவது தெரியாது.

தேதி பார்க்கும்போது வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவையும் கணக்கில் வையுங்கள். சித்திரைக் கடைசிச் செவ்வாயை ஒட்டி எட்டு நாள். தேனி–கம்பம் சாலையில் அப்போது வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள், கம்பம் வந்து சேர நேரமாகும். அந்த எட்டு நாளில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, சுருளியில் மே மாதம் தண்ணீர் இருக்கும் என்று நம்ப முடியாது, வீரபாண்டியிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை, ராட்டினம், பொரிகடலைக் கடை எல்லாம் இருக்கும். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள்.